பின்னங்காலில் ஒரு குளிர்காலம்

லண்டனில் டிசம்பர் மாதச் சூரியன் அரை நாள் வேலைக்காரர் மாதிரி. காலை எட்டு மணிக்குத்தான் வரும். மாலை நான்கு அடிப்பதற்குள் கிளம்பிவிடும். கிள்ளானில் இரவு ஏழு மணி வரை வெளிச்சத்தில் பூப்பந்து விளையாடி வளர்ந்த எனக்கு, முதல் ஆண்டில் இது பெரிய அதிர்ச்சி. இரண்டாம் ஆண்டில் பழகிவிட்டது. மூன்றாவது குளிர்காலத்தில் சூரியனையே மறந்துவிட்டேன். காரணம், அந்த ஐந்து வாரமும் நான் ஒரு மாட்டுக்குள் இருந்தேன்.

சொல்கிறேன்.

நடிப்புக் கலை படிக்க லண்டன் வந்தேன். என் கட்டணத்துக்காக அப்பா ஈ.பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவர் அவர். படிப்பு முடிந்து, இங்கேயே தங்கி வேலை செய்யும் விசாவும் கிடைத்தது. அந்த விசாவில் ஓராண்டு மீதமிருந்தபோது எனக்குக் கிடைத்த முதல் சம்பள வேலை, புறநகர் அரங்கு ஒன்றில் கிறிஸ்துமஸ் கால நாடகம். கதை, ஜாக்கும் அவரைக்கொடியும். என் பாத்திரம், ஜாக்கின் பசுமாடு. முழு மாடு கூட இல்லை. பின்பாதி.

வீட்டில் நான் சொன்னது, “நடனக் குழுவில் இருக்கேன்ப்பா.”

இது அவர்களுடைய கூத்து

ஆங்கிலேயர்கள் ‘பேண்டோமைம்’ என்று சொல்லும் இந்த நாடகம், நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முதல் வாரங்கள் வரை நாட்டின் ஊர் ஊராக நடக்கும். ஊமை நாடகம் என்று நினைத்துவிடாதீர்கள். அரங்கம் முழுக்க ஒரே கூச்சல். வில்லன் இடப்பக்கமாக வருவான், தேவதை வலப்பக்கமாக வருவாள், அது மரபு. வில்லன் வந்தால் பிள்ளைகள் ஊளையிட வேண்டும். நாயகனுக்குப் பின்னால் பேய் நின்றால், “பின்னாலே பார்!” என்று கத்த வேண்டும். பல சிற்றூர் அரங்குகளுக்கு ஆண்டு முழுவதும் கைகொடுப்பது இந்தச் சில வார வசூல்தான். பல பிள்ளைகள் வாழ்க்கையில் பார்க்கும் முதல் மேடையும் இதுதான்.

இதன் உயிர், ‘டேம்’ எனப்படும் பெண் வேடம். அதைப் போடுபவர் வழக்கமாக ஓர் ஆண். ஜாக்கின் அம்மாவாக எங்கள் குழுவில் நடித்தவருக்கு அறுபது வயதுக்கு மேல். உள்ளூர்க் கவுன்சிலரைக் கிண்டல் செய்வார், முன்வரிசை அப்பாக்களை வம்புக்கு இழுப்பார், கதையை நிறுத்திவிட்டு நேரடியாக மக்களிடம் பேசுவார். ஒத்திகையில் அவரைப் பார்த்த முதல் நாளே எனக்குத் தோன்றியது: இவர் தெருக்கூத்துக் கட்டியக்காரனுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. கடைசி இரண்டு வரி வசனத்தை முதல் காட்சி வரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகத்துக்கு ஆகாதாம். ஒத்திகைகளில் அந்த இடத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம்.

மாட்டின் வயிற்றில்

ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மேல்மாடி அறையில் குடியிருக்கிறேன். காலை இருட்டில் கிளம்பும்போது, ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கடை திறக்கும் யாழ்ப்பாணத்து அக்கா, “என்ன பிள்ளை, தொப்பி போடாமல் வாறியள்?” என்று அதட்டுவார். அந்த அதட்டலுக்காகவே சில நாள் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு போவேன்.

பத்தரைக்கு ஒரு காட்சி, இரண்டரைக்கு ஒரு காட்சி. வெளியே வரும்போது மறுபடி இருட்டு. குளிர் நடனக்காரர்களை முதலில் பிடிப்பது கணுக்காலில். ஊரில் பத்து நிமிடத்தில் இளகும் உடம்பு, இங்கே அரை மணி நேரம் கெஞ்சினால்தான் இளகும். சில்லிட்ட பலகைத் தரையில் வெறுங்காலோடு தட்டடவு பண்ணிப் பாருங்கள், புரியும்.

மாட்டுக்குள் மட்டும் குளிர் இல்லை. முன்னங்கால் பையன் வேல்ஸ்காரன். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் குனிந்து நிற்க வேண்டும். அவனுக்கு மாட்டின் வாய் வழியாக வெளியே தெரியும். எனக்கு அவன் முதுகு மட்டும்தான். முதல் வாரம் யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் பரதநாட்டியம் கற்று, அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தைக் கரைத்து, கடைசியில் இருட்டில் குனிந்து நிற்கிறோமே என்று அழுதிருக்கிறேன். மாட்டுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது.

டேம்தான் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். “நீ ஒளிந்துகொண்டிருக்கிறாய். மாட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதை மக்களுக்குத் தெரியப்படுத்து” என்றார். மறுநாள் நேராக அரைமண்டியில் உட்கார்ந்தேன். முன்பாதி ஒரு பக்கம் போக, பின்பாதி நிதானமாகத் தாளக்கட்டில் இன்னொரு பக்கம் போனது. அரங்கம் வெடித்துச் சிரித்தது. பார்க்க முடியவில்லை, துணி வழியாகக் கேட்டேன்.

கோமாளியின் கல்லறை

விடுமுறை நாளில் பெண்டன்வில் சாலைப் பக்கம் உள்ள ஜோசப் கிரிமால்டி பூங்காவுக்குப் போனேன். 1778இல் பிறந்து 1837இல் இறந்த இந்த லண்டன் கோமாளிதான் பேண்டோமைமில் கோமாளி வேடத்துக்கு முகவரி கொடுத்தவர். குதித்தும் விழுந்தும் மூட்டுகள் தேய்ந்து, கடைசிக் காலத்தில் அவரால் சரியாக நடக்கவே முடியவில்லை. அவர் புதைக்கப்பட்ட அந்த இடத்தில் சவப்பெட்டி வடிவத்தில் தரைப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். மிதித்தால் ஒலி எழும். கல்லறை மேல் ஆடலாம்! மழைத்தூறலில் ஆளில்லாத பூங்காவில் கொஞ்ச நேரம் ஆடினேன். குளிர் விட்டது.

லண்டனுக்குக் குளிர்காலத்தில் வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. லெஸ்டர் சதுக்கத்தில் ‘டிக்கெட்ஸ்’ என்ற கூண்டுக் கடையில் தள்ளுபடி விலையில் நாடகச் சீட்டு கிடைக்கும். கையில் காசு இல்லாத நாளில், தேம்ஸ் கரையில் இருக்கும் தேசிய அரங்கின் முன்கூடத்தில் போய் உட்காருங்கள். கதகதப்பாக இருக்கும், யாரும் எழுப்ப மாட்டார்கள். பிள்ளைகளோடு வந்தால் பேண்டோமைம் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 1901இல் கட்டப்பட்ட ஹாக்னி எம்பயர் அரங்கில் ஆண்டுதோறும் நடக்கும்.

பிடிபட்டேன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு காட்சிக்கு நடுவில் வீட்டுக்கு வீடியோ அழைப்பு. இங்கே மதியம் ஒரு மணி, அங்கே இரவு ஒன்பது. பேசிக்கொண்டே திரும்பினேன். பின்னால் கொக்கியில் மாடு தொங்கியது.

“அது என்னம்மா?” என்றார் அப்பா.

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. போனைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

தாத்தா அந்தக் காலத்துத் தோட்டத்து ஆள். கோயில் திருவிழாவில் அரிச்சந்திரன் நாடகம் போட்டால் சந்திரமதி அவர்தான். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ‘பொம்பளை வேஷக்காரன் மகன்’ என்று பள்ளியில் கேலி கேட்டு வளர்ந்தவர் அப்பா. அப்பாவுக்காகத்தான் தாத்தா வேடத்தை விட்டார் என்று பாட்டி ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

“முன்னங்காலா, பின்னங்காலா?” என்றார் தாத்தா.

“பின்னங்கால், தாத்தா.”

“அதான் கஷ்டம். முன்னால போறவனுக்குக் கண்ணு தெரியும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

“அப்புறம் என்ன?”

அன்று மாலைக் காட்சிக்கு மாட்டை மாட்டிக்கொண்டபோது கால் லேசாக இருந்தது. ஆனால் அப்பாவிடமிருந்து இரண்டு வாரம் ஒரு செய்தியும் இல்லை. அம்மாதான் “சாப்பிட்டியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி முதல் வாரம் நாடகம் முடிந்தது. டேம் விக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, “அடுத்த டிசம்பரில் பார்க்கலாம்” என்றார். எனக்கு அடுத்த டிசம்பர் இங்கேயா கிள்ளானிலா, தெரியவில்லை. பொங்கலுக்கு யாழ்ப்பாணத்து அக்கா கொடுத்த சர்க்கரைப் பொங்கலை ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே கைபேசி ஒளிர்ந்தது. அப்பா.

“சின்ன வயசுல தாத்தா சந்திரமதியா அழுதப்போ நானும் அழுதேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. மாட்டுப் பொங்கல் வாழ்த்துகள்மா. பின்னங்காலுக்கு மட்டும்.”

ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டுதான். எழுந்து காலுறை போடாமலே தரையில் நின்று கணுக்காலை இளக்க ஆரம்பித்தேன்.