துளையட்டை போன வழி

லினக்ஸில் ஒரு பத்தியை காப்பி செய்து, பக்கத்துச் சன்னலில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பியில் பேஸ்ட் கொடுத்தால் சில நேரம் எதுவும் விழாது. இரண்டுக்கும் ஒரே கணினி, ஒரே விசைப்பலகை. இருந்தும் ஒரு வாக்கியம் போய்ச் சேராது. வைத்தியம் பலருக்கும் தெரிந்ததுதான். எக்ஸ்பியை லினக்ஸுக்குள் ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் ஷேர்டு கிளிப்போர்டு முதலில் அணைந்தே இருக்கும். அதை இருபக்கமும் போய்வரும்படி மாற்ற வேண்டும். எக்ஸ்பிக்குள் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவ வேண்டும். அப்புறமும் மக்கர் செய்தால், டாஸ்க் மேனேஜரில் அதோடு வரும் விபாக்ஸ்ட்ரே நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது அந்த கெஸ்ட் அடிஷன்ஸ் உள்ளே போகிற விதம். அது ஒரு சிடியாகப் போகிறது. இல்லாத டிரைவில் இல்லாத சிடியைச் செருகுகிறோம். எக்ஸ்பி அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டு படிக்கிறது. முழுக் கணினியும் தன்னுடையது என்று நம்பி ஓடும் அமைப்பு அது. வெளியே இன்னொரு உலகம் இருப்பதை அதனிடம் நேராகச் சொல்ல முடியாது. அதற்கு ஏற்கெனவே தெரிந்த ஏதாவது ஒரு பொருளின் வேடத்தில்தான் உள்ளே நுழைய வேண்டும்.

இந்த வேடம் புதிதில்லை. 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில், ஒரே பெரிய கணினியைப் பலருக்கும் தனித்தனிக் கணினிகளாகக் காட்டும் வேலை நடந்தது. 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினி: அவருக்கென்று ஓர் அச்சுப்பொறி, ஒரு துளையட்டைப் படிப்பான், அட்டையில் துளை போடும் ஒரு பஞ்ச். எல்லாமே பாவனை. பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு கோப்பு கொடுக்க வேண்டுமா? உங்கள் பஞ்சை அவர் பெயருக்குத் திருப்பிவிட்டு, கோப்பை அதில் துளைக்கச் சொல்வீர்கள். ஓர் அட்டைகூட வெட்டப்படாது. ஆனால் எண்பது எழுத்துக்கு ஒன்றாக அட்டைக்கட்டு ஒன்று அவருடைய படிப்பானில் வந்து காத்திருக்கும். அவர் தமக்குத் தோன்றும்போது எடுத்துப் படித்துக்கொள்வார். 1981இல் பல்கலைக்கழகங்களை இணைக்கத் தொடங்கிய பிட்நெட்டிலும் கடிதங்கள் இப்படி எண்பதெழுத்து அட்டைகளின் உருவத்தில்தான் ஊர்விட்டு ஊர் போயின. காகித அட்டைகள் மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. விஎம்/370இன் இன்றைய வாரிசான இசட்/விஎம்மிலும் வந்த கோப்பு படிப்பானில்தான் காத்துக் கிடக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இரண்டு கணினிகளுக்கு இடையே ஒரு பொருளைக் கைமாற்ற, இருவருக்கும் பழகிய ஒரு பொருளையே கற்பனையாகச் செய்துவைத்தார்களே, அந்த மனத்தை என்னவென்று பாராட்டுவது!

கிளிப்போர்டுக்கு அப்படிப்பட்ட பழைய பொருள் எதுவும் துணையில்லை. லினக்ஸின் எக்ஸ்11 சன்னல் அமைப்பில் காப்பி என்று அழுத்தும்போது எழுத்து எங்கும் போவதே இல்லை. ‘என்னிடம் ஒன்று இருக்கிறது’ என்று அந்த நிரல் அறிவிக்கிறது, அவ்வளவுதான். யாராவது பேஸ்ட் கேட்கும்போதுதான் எடுத்துக் கொடுக்கிறது. அதற்குள் நிரலை மூடிவிட்டால், வேறு யாரும் வாங்கி வைத்திருக்காத வரையில், கொடுக்க ஆளில்லை. மெய்நிகர் இயந்திரம் நடுவில் வந்ததும் சங்கிலி நீள்கிறது: எக்ஸ்பியில் உள்ள நிரல் விபாக்ஸ்ட்ரேயைக் கேட்க, அது வெளியே இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸைக் கேட்க, அது லினக்ஸ் நிரலைக் கேட்கிறது. இதில் ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் பேஸ்ட் ஊமையாகிவிடும். கோப்பு என்றால் பகிர்ந்த கோப்புறையே மேல். அது எக்ஸ்பிக்கு நெட்வொர்க் டிரைவாகத் தெரிகிறது, இன்னொரு பழகிய வேடத்தில்.

இந்தக் காலத்தில் எக்ஸ்பி எதற்கு என்று கேட்கலாம். பேஜ்மேக்கருக்காக. 2001இல் வந்த 7.0 பதிப்போடு அது நின்றுபோனது. தமிழில் எத்தனையோ புத்தகங்களும் சிற்றிதழ்களும் அதில்தான் பக்கம் கட்டப்பட்டன. அச்சுக்குப் போன அந்தக் கோப்புகளைத் திறக்க அந்தப் பழைய உலகம் வேண்டியிருக்கிறது. திறந்து, தமிழை காப்பி செய்து வெளியே ஒட்டினால் அடுத்த சிக்கல். பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ வெளியே வரும்போது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக விழும். வழி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. கடந்து வந்தவை குறியீட்டு எண்கள் மட்டும். அவற்றைத் தமிழாகக் காட்டிய எழுத்துரு உள்ளேயே தங்கிவிட்டது. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் எது பாமினி, எது டாப், எது வானவில் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். ஒரே பக்கத்தில் தலைப்புக்கு ஒன்று, உள்ளே இன்னொன்று என்று கலந்து கிடப்பதும் உண்டு.

பதிப்பகங்களில் இன்னும் பழைய சிடிகளை வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பேஜ்மேக்கர் கோப்பை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். எக்ஸ்பியின் ஃபாண்ட்ஸ் கோப்புறையில் இருக்கும் அத்தனை தமிழ் எழுத்துருக்களையும் பகிர்ந்த கோப்புறையில் போட்டு வெளியே கொண்டுவாருங்கள். எந்தப் புத்தகத்துக்கு எந்த எழுத்துரு என்று ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி, அதையும் கூடவே வையுங்கள். அன்று பக்கம் கட்டியவரைக் கேட்டால் பார்த்த உடனே சொல்லிவிடுவார்.