மீன் இண்டைக்கு என்ன தின்னுது?

சித்தப்பா புழுப் போட்டு மீன் பிடிக்கமாட்டார். ஸ்காபரோவில் தூண்டிலோடு போகிற எங்கள் ஆட்களில் இப்படி ஒருவரைக் காண்பது அபூர்வம். பெற்றோல் செட்டில் பால் வைக்கும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டிலேயே ஒரு டசின் மண்புழு கிண்ணத்தில் அடைத்து விற்பார்கள். ஒன்றை வாங்கிக்கொண்டு ஏரிக்குப் போனால் போதும், சன்ஃபிஷ்ஷோ பேர்ச்சோ ஏதாவது ஒன்று கட்டாயம் கடிக்கும். ஆனால் கனடாவுக்கு வந்த முதல் கோடையில் சித்தப்பாவுக்குக் கிடைத்த வேலையே அந்தப் புழுக்களைப் பொறுக்குவதுதான். பொழுதுபடும் நேரம் ஒரு வான் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தென்மேற்கு ஒன்ராறியோவின் பால்பண்ணை வயல்களுக்குப் போகும். நெற்றியில் விளக்கு, ஒரு காலில் புழுவுக்கு ஒரு ரின், மற்றக் காலில் விரலின் வழுக்கலைப் போக்க மரத்தூள் நிரப்பிய ரின். மழை பெய்து ஓய்ந்த, காற்றில்லாத இரவில் புழுக்கள் பாதி உடலை வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். அடி அதிர்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அறுந்துபோகாமல் மெல்ல உருவி எடுக்கவேண்டும். ஆயிரம் புழுவுக்கு இவ்வளவு என்று கூலி. விடியும்வரை குனிந்த முதுகு நிமிராது. "இனி என்ர வாழ்க்கையில புழுவைத் தொடமாட்டன் பிள்ளை" என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்படித்தான் அவர் லூர் எனும் செயற்கை இரையின் பக்கம் போனார். அவர் பின்னால் நானும் போனேன்.

அவருடைய முதல் லூர் பெட்டி ஒரு காராஜ் சேலில் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில், கோடைச் சனிக்கிழமைகளில், எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் இருந்த வீடுகளின் வாசல்களில் பழைய சாமான்களை மேசை போட்டு விற்பார்கள். ஒரு கிழவர் தன் பச்சைத் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். படிபடியாக விரியும் தட்டுகள், ஒவ்வொரு அறையிலும் ஒரு மீன், ஒரு தவளை, ஒரு கரண்டி. பொம்மைக் கடை என்றுதான் நான் நினைத்தேன். சித்தப்பா பேரம் பேசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதன் உடலில் பல்லுக் கீறல் அதிகமோ அதை ஒரு பக்கம் வைத்தார். பெயின்ற் மங்காமல் பளபளத்தவை மற்றப் பக்கம் போயின. "வடிவானதை மனிசர் வாங்குவினம், கீறல் விழுந்ததை மீன் வாங்கியிருக்கு" என்றார்.

கீறல் மிகுந்திருந்தது ஒரு றப்பலா. விரல் நீளம், வெள்ளிப் பக்கம், கறுப்பு முதுகு, பல்சா மரத்தில் செய்தது, எடையே இல்லை. அதன் கதையை நான் பின்னாளில்தான் படித்தேன். பின்லாந்தில் லௌரி றப்பலா என்ற ஏழை மீனவர், பெரிய மீன்கள் கூட்டத்தில் நோஞ்சானாய்த் தள்ளாடும் மீனையே பாய்ந்து பிடிப்பதைக் கவனித்து, 1936இல் தக்கையைச் சீவி ஒரு குஞ்சுமீனைச் செய்தாராம். சொக்லேட் சுற்றிவந்த தாள்தான் அதன் செதில். உருக்கிய புகைப்படச் சுருள்தான் மேற்பூச்சு. 1962 ஓகஸ்டில் அமெரிக்காவின் 'லைஃப்' இதழில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மரிலின் மன்றோ இறந்ததையொட்டி அவர் படத்தை அட்டையில் போட்ட இதழ் அது. நாடே வாங்கிப் படித்ததால் பின்லாந்தில் செய்து மாளாத அளவுக்கு ஓடர் குவிந்தது. சித்தப்பாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஆனால் முதல்முறை அதைத் தண்ணீரில் இழுத்தபோதே, "இது காயப்பட்ட மீன்ர நடை" என்றார்.

நாங்கள் போகும் இடம் பிளஃபர்ஸ் பார்க். கிங்ஸ்ரன் வீதியில் பஸ்ஸால் இறங்கி, பிறிம்லி வீதியின் செங்குத்தான இறக்கத்தில் நடந்தே போகவேண்டும். அந்நாளில் கீழே பஸ் போகாது. பனியுகத்துப் பனிப்பாளங்களும் ஆறுகளும் கொண்டுவந்து சேர்த்த மண்ணும் களியும் அங்கே மலைச்சுவராக நிற்கின்றன. மிக உயர்ந்த இடத்தில் 90 மீட்டர். அதன் காலடியில், நகரத்தில் கட்டடங்களுக்காகத் தோண்டிய மண்ணையும் இடிபாடுகளையும் கொட்டி 1970களில் எழுப்பிய தரைதான் அந்தப் பூங்கா. கரங்கள்போல் ஏரிக்குள் நீளும் அந்தத் தரைகளுக்கு நடுவில் காற்றுக்கு ஒதுங்கிய குடாக்கள் உண்டு. ஒன்ராறியோ ஏரி கோடையிலும் கையை விறைக்கவைக்கும். குடாவுக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், பாசி செழிக்கும். பெருவாய் பாஸ் அந்தப் பாசிக்குள். சிறுவாய் பாஸ் வெளிப்புறத்தில், அலை அடிக்கும் கற்குவியல்களில்.

ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிய சித்தப்பா எனக்குக் காட்டிய வழி வாய்தான். பெருவாயின் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், உடல் பச்சை, நடுவில் கறுப்புக் கோடு. சிறுவாய்க்குத் தாடை கண்ணோடு நின்றுவிடும், உடல் வெண்கல நிறம், குறுக்கே பட்டைகள். "கொடுவாயின்ர தம்பிமார்" என்று ஊர் உறவு கொண்டாடுவார். உண்மையில் சன்ஃபிஷ் குடும்பம்தான்.

சித்தப்பா வளர்ந்தது முல்லைத்தீவுப் பக்கம். ஒரு புறம் நந்திக்கடல், மறுபுறம் வன்னிக் குளங்கள். இறால், விரால் இரண்டையும் பார்த்து வளர்ந்த கண். அந்தக் கண்ணைத்தான் அவர் இங்கே கொண்டுவந்து வைத்தார். மற்றவர்கள் கரைக்கு வந்ததும் தூண்டிலை எறிவார்கள். அவர் பெட்டியைத் திறக்கவே மாட்டார். என்னைக் கல்லில் இருத்திவைத்து, "மீன் இண்டைக்கு என்ன தின்னுது எண்டு முதல் பார். பிறகு பெட்டியைத் திறப்பம்" என்பார். எனக்குப் பொறுமை இருக்காது. ஆனாலும் பார்ப்பேன். கரையோரத்தில் குஞ்சுமீன்கள் சிதறித் துள்ளினால் கீழே யாரோ துரத்துகிறார்கள்: றப்பலா, அல்லது சுழலும் வெள்ளித்தகடுள்ள மெப்ஸ். தண்ணீர் கலங்கியிருந்தால் மெப்ஸ்தான். கண் தெரியாத இடத்திலும் தகடு சுழலும் அதிர்வை மீன் தன் பக்கக்கோட்டால் அறியும். பாசி அடர்ந்த இடத்துக்கு ரப்பர் புழு. முள்ளின் கூரை ரப்பருக்குள்ளேயே புதைத்து, முன்னால் தோட்டா வடிவ ஈயம் கோத்துவிட்டால் பாசியில் மாட்டாமல் ஊர்ந்து போகும். புழுவைத் தொடமாட்டேன் என்ற மனிதர் இதை மட்டும் மகிழ்ச்சியோடு தொட்டார்.

கற்களுக்கு அவர் வைத்திருந்த வழிதான் எனக்கு மிகப் பிடித்தது. வெளிப்புறக் கரையில் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டச் சொன்னார். கீழே சிங்க இறாலின் குட்டி உருவம் ஒன்று, பழுப்பு நிறம், இரண்டு கொடுக்கு. கிரேஃபிஷ். கையை நீட்டினேன். வாலை ஒரு அடி அடித்துப் பின்பக்கமாகவே பாய்ந்து மறைந்தது. "கண்டியோ? இறாலும் அப்பிடித்தான். நந்திக்கடல்ல வலைக்குள்ள பார்க்கவேணும், எல்லாம் பின்னுக்குத்தான் பாயும்." உடனே பெட்டியில் பழுப்பு ரியூப் ஒன்றைத் தேடி எடுத்தார்: உள்ளே குழலாய், ஒரு முனையில் தாடிபோல் கிழிந்த ரப்பர். உள்ளே ஈயத்தலை முள்ளைச் செருகி எறிந்தார். அடியைத் தொட்டதும் தங்கூசி தளர்ந்தது. ஒரு சிறு வெட்டு, பிறகு நிறுத்தம். இன்னொரு வெட்டு. கீழே ஓர் இறால் பின்னோக்கிப் பாய்ந்து பாய்ந்து ஓடுவதை என்னால் பார்க்க முடிந்தது, தண்ணீருக்கு மேலிருந்தபடியே. லூர் என்பது பெட்டியில் இருக்கும் பொருள் இல்லை, இழுக்கிற கையில் இருக்கும் அசைவு என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். அதே ரியூப்பைச் சீராகச் சுற்றி இழுத்தால் அது வெறும் ரப்பர்.

மேல்காற்று பலமாய் அடித்த மறுநாள் அவர் கைவிரலைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தக் காற்று மேற்பரப்பின் சூடான தண்ணீரை இந்தக் கரையிலிருந்து ஏரிக்குள் தள்ளிவிடும், அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே ஏறிவரும். நடுக்கோடையில் ஒரே இரவில் கரை உறைகுளிராகிவிடும். குடாவுக்குள் ஒதுங்கியவை தவிர மற்ற மீன்கள் போய்விடும். அந்த நாளில் எந்த லூரும் உதவாது.

பாஸ் பிடிக்கும் பருவம் அப்போது ஜூன் கடைசிச் சனிக்கிழமை திறந்தது. அதற்கு முன் பிடித்துவிட்டுத் திருப்பி விடுவதற்கென்றுகூடத் தூண்டில் போடக்கூடாது என்பது அன்றைய விதி. ஏன் என்று கேட்டேன். ஜூன் தொடக்கத்து மாலை ஒன்றில் வெறுங்கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இடுப்பளவு ஆழத்தில், சேறு துடைத்த வட்டமான வெளி ஒன்று. அதன் மேல் ஒரு பாஸ், இடத்தை விட்டு அசையாமல், செட்டைகளை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. ஆண். முட்டை இட்டதும் தாய் போய்விடும். முட்டைக்குக் காற்றோட்டம் கொடுப்பதும், குஞ்சு பொரித்துப் பிரியும்வரை காவல் நிற்பதும் தகப்பன். அந்தக் காலத்தில் அது ஒழுங்காய்த் தின்பதில்லை. ஆனால் வட்டத்துக்குள் விழும் எதையும் வாயால் கவ்வி வெளியே எறியும். அப்போது எந்த லூர் போட்டாலும் மாட்டும். அதைத் தூக்கி எடுத்த சில நிமிடத்துக்குள் சுற்றி நிற்கும் சன்ஃபிஷ்கள் முட்டை முழுவதையும் தின்றுவிடும்.

"குளத்தில விராலும் இப்பிடித்தான் பிள்ளை. குஞ்சுகள் சிவப்பாய் மொய்ச்சுக்கொண்டு மேல வரும், தாயும் தகப்பனும் கீழ நிக்கும். தவளையைப் போட்டால் உடன பாயும். பசியில இல்லை, கோவத்தில." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "பசிச்ச மீனை ஏமாத்தலாம். பிள்ளை காக்கிற மீனை ஏமாத்தப்படாது." சட்டம் அதையேதான் சொல்கிறது. ஆனால் எனக்கு அது சட்டமாக வந்து சேரவில்லை.

எனது முதல் பெரிய பாஸ் ஓகஸ்ட் மாத இருட்டு விழும் நேரத்தில் வந்தது. பெட்டியில் கறுப்பு ஜிற்றர்பக் ஒன்று இருந்தது: உருண்டை உடல், முன்னால் அகன்ற தகடு. இழுத்தால் இடமும் வலமும் உருண்டு, தண்ணீரில் 'பொளக் பொளக்' என்று ஒலி எழுப்பிக்கொண்டே வரும். ஒகையோவில் ஃபிரெட் ஆர்போகாஸ்ற் 1930களின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருட்டில் ஏன் கறுப்பு என்று கேட்டேன். "மீன் கீழ இருந்து மேல பாக்குது. வானத்தில வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதுக்கு எதிரில கறுப்புத்தான் தெரியும்." இன்னொன்றும் சொல்லித்தந்தார்: சத்தம் கேட்டதும் வெட்டக்கூடாது. வெட்டினால் வாய்க்குள் போகுமுன் பிடுங்கிவிடுவாய். பாரம் கையில் ஏறும்வரை பொறு.

பாசியின் விளிம்பில் அதை உருட்டிக்கொண்டு வந்தேன். தண்ணீர் வெடித்தது. நெஞ்சு அடித்துக்கொள்ள, கையை அடக்கிக்கொண்டு நின்றேன். பாரம் ஏறியது. தடி வளைந்தது. மீன் முழு உடலோடு மேலே எழும்பித் தலையை உதறியது, விழுந்தது, பாசிக்குள் ஓடப்பார்த்தது. "விடாதை, தடியை உயத்திப் பிடி, உயத்திப் பிடி!" சித்தப்பா கத்தினாரே தவிரத் தடியில் கை வைக்கவில்லை. கரைக்கு வந்ததும் கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கச் சொல்லிக்கொடுத்தார். சின்னச் சின்னப் பற்கள், அரத்தாள்போல் சொரசொரத்தன. பெருவிரலில் இருந்த அந்தக் கீறலை மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

அந்த மீனைத் திருப்பி விட்டோம். எனக்கு அழுகை வந்தது. காரணம் சித்தியின் சமையலறையில் இருந்தது. ஒன்ராறியோ மீன்களை உண்பதற்கு அரசு வெளியிடும் கையேடு ஒன்று உண்டு. எந்தத் தண்ணீரில், எந்த மீனை, என்ன நீளத்தில், மாதம் எத்தனை வேளை உண்ணலாம் என்று அட்டவணை போட்டிருக்கும். பாதரசமும் பீசீபீயும் வயதான பெரிய மீனில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். சிறுவர்களுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. சித்தி அந்தப் பக்கங்களில் பேனையால் கோடு போட்டு வைத்திருந்தா. அதனால் சின்ன மீனும் பேர்ச்சும் மட்டும் பழப்புளி விட்ட குழம்பாகும். பெரியது ஏரிக்கே. பெரியதுதான் அடுத்த வருடம் கூடு காக்கும் என்பது சித்தப்பாவின் கணக்கு.

நான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய காலத்தில் ஏரி மாறியது. பழுப்பு ரியூப்பும் பழைய வெட்டு இழுவையும் கற்குவியலில் மெல்ல மெல்லப் பலனிழந்தன. ஒரு நாள் சமைக்க வைத்திருந்த சிறுவாய் ஒன்றின் வயிற்றைச் சித்தப்பா கீறினார். உள்ளே கிரேஃபிஷ் இல்லை. விரல் நீளத்தில், தலை பருத்த, புள்ளி விழுந்த மீன்கள் இருந்தன. ஒன்றைக் கழுவி மல்லாத்தினார். வயிற்றுச் செட்டைகள் இரண்டும் ஒன்றாய் ஒட்டிக் கிண்ணம்போல் இருந்தன. "இது உளுவை!" என்றார். நந்திக்கடலில் கால் வைத்த இடமெல்லாம் பார்த்த இனம். இது கருங்கடல், கஸ்பியன் பக்கத்து உளுவை; கப்பல்களின் நிலைநீரில் வந்து, 1990இல் செயின்ற் கிளேர் ஆற்றில் முதலில் காணப்பட்டு, பத்தாண்டுக்குள் ஒன்ராறியோ ஏரியையும் எட்டியது. உயிரோடு வைத்திருக்கவோ இரையாகப் போடவோ சட்டம் விடாது. அதன் உருவத்தைப் போடத் தடையில்லை.

அன்றிரவே பெட்டியை மேசையில் விரித்தார். உளுவைக்குக் காற்றுப்பை கிடையாது, அதனால் அடியை விட்டு மேலே எழும்பாது என்றார். எனவே இனித் துள்ளவைக்கும் வெட்டு வேண்டாம். ஈயம் கொஞ்சம் கூட, நிறம் பாசிப்பச்சை கலந்த பழுப்பு, கல்லோடு கல்லாய் அரக்கி இழுக்கவேண்டும். ரியூப்பை என் கையில் தந்து மேசைவிரிப்பில் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். "இன்னும் மெதுவா. அதுக்கு அவசரமில்லை, கல்லில ஒட்டிக்கொண்டு இருக்கிற சாதி." மறுபடியும் இழுத்தேன். தலையாட்டினார். சனிக்கிழமை அந்தப் பாசிப்பச்சையில் முதல் எறிக்கே சிறுவாய் ஒன்று ஏறியது. சித்தப்பா அதன் வாயைத் திறந்து தொண்டைக்குள் பார்த்தார். உள்ளே ஓர் உளுவையின் வால் இன்னும் தெரிந்தது.