மருந்தின் பெயர்

தமிழ்ப்பள்ளியில் படித்த நாட்களில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு எனக்கு இரண்டு பொருள் தெரியும். காய்ச்சலுக்குப் பாட்டி காய்ச்சித் தரும் கசாயமும் மருந்து. தீபாவளிப் பட்டாசுக்குள் இருக்கும் கறுப்புப் பொடியும் மருந்து. உயிரைக் காப்பதற்கும் கையைக் கருக்குவதற்கும் ஒரே சொல் ஏன் என்று அன்று நான் யோசித்ததில்லை. அதை யோசிக்க வைத்தவர், தமிழே அறியாத ஒரு அமெரிக்க முதியவர்.

2024-ஆம் ஆண்டு, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி ஒரு பருவம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் படித்தேன். நான் தங்கியிருந்த வீட்டுக்காரருக்கு எழுபது வயதைக் கடந்திருந்தது. இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டைக்குப் போவார். அதற்கான தோட்டாக்களைக் கடையில் வாங்காமல், கார் நிறுத்தும் கொட்டகையில் அமர்ந்து தாமே தயாரிப்பார். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இருக்க, இப்படியொரு பொழுதுபோக்கை நாம் கற்பனைகூடச் செய்ய முடியாது. அங்கோ அது தச்சுவேலை போல ஒரு கைத்தொழில். “உன் விசாவுக்கு இதெல்லாம் ஆகாது. பார், கேள், எதையும் தொடாதே,” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வேதியியல் மாணவன் என்பதால் எனக்கு ஆர்வம் அதிகம். பட்டாசில் இருக்கும் கரிமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்தது. இன்றைய தோட்டாக்களில் இருப்பது நைட்ரோசெல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட புகையற்ற மருந்து. 1884-இல் பிரான்சின் போல் வியே இதை உருவாக்கினார். திறந்த வெளியில் கொளுத்தினால் இது வெறுமனே எரியும். அடைபட்ட கூட்டுக்குள்ளோ அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும்; வேகம் ஏற ஏற அழுத்தம் இன்னும் ஏறும். இடைநிலைப் பள்ளியில் ‘காடார் தின்டாக் பாலாஸ்’ என்று மலாயில் மனப்பாடம் செய்த பாடம், அந்த மேசைமேல் உயிரோடு உட்கார்ந்திருந்தது.

அவர் தயாரித்தது .44 மேக்னம் தோட்டா. அதற்கும் ஐடஹோவுக்கும் உறவு உண்டு. இம்மாநிலத்தின் சால்மன் என்ற ஊரில் வாழ்ந்த எல்மர் கீத், .44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவில் ‘2400’ என்னும் மருந்தை இட்டு அதன் வலிமையைக் கூட்டிக்கொண்டே போனவர். அவருடைய வற்புறுத்தலின் பலனாக 1955-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரெமிங்டன் நிறுவனங்கள் .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. ஸ்பெஷலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. பழைய ரிவால்வருக்குள் புதிய தோட்டா நுழைந்துவிடக் கூடாதே என்று, கூட்டை ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம் நீளமாக்கினார்கள்.

அலமாரியில் நான்கைந்து மருந்துப் போத்தல்கள் இருந்தன. “எது நல்லது?” என்று கேட்டேன். “எதற்கு நல்லது என்று கேள்,” என்றார். புல்ஸ்ஐ மிக வேகமாக எரியும், சிறிதளவே போதும். ஆனால் பெரிய மேக்னம் கூட்டின் அடியில் அது கொஞ்சமாகக் கிடப்பதால், தவறி இரண்டு முறை கொட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. யூனிக் நடுத்தரம். 2400 மெதுவாக எரிவது. நிறைய இட வேண்டும். இரண்டு முறை கொட்டினால் கூடு வழிந்து தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். எச் 110 கூட்டை நன்றாக நிறைத்து முழு வேகத்தையும் தரும். எந்த மருந்து வேகம், எது மெதுவு என்று வரிசைப்படுத்தும் அட்டவணைகள் உண்டு. ஆனால் அவை வரிசையை மட்டுமே சொல்லும், அளவைச் சொல்லா. அளவுக்குத் தயாரிப்பாளரின் கையேடு ஒன்றே வழி. எடைக்கு அவர்கள் ‘கிரெய்ன்’ என்பார்கள். 7,000 கிரெய்ன் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அவ்வளவு நுண்ணிய கணக்கு.

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்ற நம் பழமொழியை அவருக்கு விளக்கிச் சொன்னேன். சிரித்தார். “அளவு குறைந்தாலும் நஞ்சுதான். அதற்குப் பழமொழி இல்லையா?” என்றார். பெரும்பாலான மருந்துகளுக்கு உச்ச அளவிலிருந்து 10 விழுக்காடு குறைத்துத் தொடங்கி, படிப்படியாக ஏறுவது வழக்கம். எச் 110-க்கு அது ஆகாது; 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்காதே என்பது தயாரிப்பாளரான ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச்சரிக்கை. குறைத்தால் சரியாகப் பற்றாமல், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். ‘குறைவாகச் செய்தால் ஆபத்தில்லை’ என்று நம்பி வளர்ந்த எனக்கு அது புதிய பாடம்.

அவருடைய கண்டிப்பான விதி ஒன்று: மேசைமேல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு மருந்துப் போத்தல்தான் இருக்கும், வேலை முடியும்வரை அது அளவைக் கருவியின் பக்கத்திலேயே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையின் நடுவே மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. பேரப்பிள்ளைக்கு உடல்நலமில்லை. அப்படியே விட்டுவிட்டு வெளியூருக்குக் கிளம்பிவிட்டார். மேசை அலங்கோலமாகக் கிடப்பதைக் கண்ட நான், பெரியவருக்கு உதவி செய்வதாக எண்ணி, போத்தலை எடுத்து அலமாரியில் மற்றவற்றோடு அடுக்கி வைத்தேன். நம் வீடுகளில் பழகிய பழக்கம். தொடாதே என்ற சொல் அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஐந்து நாள் கழித்துத் திரும்பியவர் கொட்டகைக்குள் நெடுநேரம் நின்றார். அளவைக் கருவியில் பாதி மருந்து இருந்தது. பக்கத்தில் போத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

“எந்தப் போத்தல்?”

“2400 என்று நினைக்கிறேன், ஐயா.”

“நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால், இரண்டு பேர் நினைத்தால் அது தெரிந்ததாகிவிடாது.”

என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “மருந்தைக் கருவியில் விட்டுப் போனது என் தவறு, முதல் தவறு அதுதான்,” என்றார். பிறகு அந்த மருந்தைப் புல்வெளியில் மெல்லியதாகத் தூவினார். அன்று செய்து முடித்துப் பெட்டியில் பெயர் எழுதாமல் விட்டிருந்த 50 தோட்டாக்களையும், சுத்தியல் போன்ற ஒரு கருவியால் தட்டித் தட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உதவ எனக்கு அனுமதி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மேல்தட்டில், உருளை பிளந்த ஒரு பழைய ரிவால்வர் இருந்தது. அது அவருடைய நண்பருடையது என்பதும், அந்த நண்பருக்கு வலக்கையில் மூன்று விரல்களே மிச்சம் என்பதும் அன்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

நாடு திரும்பி இறுதியாண்டு ஆய்வில் இறங்கினேன். ஆய்வுக்கூட அலமாரியில் பெயர்ச்சீட்டு அழிந்துபோன ஒரு போத்தலில் வெள்ளைப் பொடி இருந்தது. “சோடியம் கார்பனேட்டுதான்னு நினைக்கிறேன், எடுத்துக்கோ,” என்றார் நண்பர். நான் எடுக்கவில்லை. ஆய்வுக்கூட உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, புதிதாக வாங்க விண்ணப்பித்தேன். என் ஆய்வு ஒரு வாரம் பின்தங்கியது. மேற்பார்வையாளரிடம் திட்டும் வாங்கினேன். உண்மையைச் சொன்னால், முதலாண்டில் அப்படிப் பெயர் எழுதாமல் போத்தல்களை விட்டுப் போனவர்களில் நானும் ஒருவன். அந்தப் போத்தல்கூட என்னுடையதாக இருந்திருக்கலாம்.

பாட்டியின் கசாயத்துக்கும் பட்டாசுப் பொடிக்கும் நம் முன்னோர் ஏன் ஒரே பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டையும் கையாளும் முறை ஒன்றுதான்: பெயர் தெரிய வேண்டும், அளவு தெரிய வேண்டும். தெரியாதபோது தெரியாது என்று சொல்ல வேண்டும். கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குள் புதிதாக நுழையும் தம்பி தங்கைகளே, உங்கள் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கட்டும். போத்தலை மூடியதும் பெயரை எழுதிவிடுங்கள்.