கியர் பாக்ஸுக்கும் காய்ச்சல் வரும்!

லாரி ஓட்டுபவரிடம் இன்ஜின் சூடு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். முள்ளைப் பார்த்துச் சட்டென்று சொல்லிவிடுவார். கியர் பாக்ஸ் சூடு எவ்வளவு என்று கேட்டால்... உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பெரும்பாலான லாரிகளின் டாஷ்போர்டில் அப்படி ஒரு மீட்டரே கிடையாது!

புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் வந்து நிற்கும் லாரிகளில் அநேகம் கையால் கியர் போடுபவை. பல்சக்கரமும் பல்சக்கரமும் நேராகப் பிடிப்பதால் வீணாகும் சக்தி குறைவு, சூடும் குறைவு. அதற்கு மீட்டர் வைப்பது வெட்டிச் செலவுதான். கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. லாரிகளும் இதே கணக்கில்தான் சேரும்.

சிக்கல் நிஜமான ஆட்டோமேட்டிக்கில். சுரங்க டம்பர்கள், விமான நிலையத் தீயணைப்பு வண்டிகள், 2019-ல் இந்தியாவில் ஆட்டோமேட்டிக்காக வந்த இசுசு வி-கிராஸ் மாதிரி பிக்-அப்கள். இவற்றில் கிளட்சுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். இரண்டு ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அந்தக் காற்றிலேயே மற்றதும் சுற்றும் இல்லையா? அதேதான், காற்றுக்குப் பதில் ஆயில். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் முக்கும்போது அந்தச் சக்தியெல்லாம் ஆயிலைச் சூடாக்கத்தான் போகிறது.

மலையே இல்லாத புதுச்சேரியில் இது எங்கே நடக்கும் என்கிறீர்களா? ராஜீவ் காந்தி சதுக்கத்திலும் இந்திரா காந்தி சதுக்கத்திலும்! சுமையோடு அடி அடியாக நகரும் வண்டிக்குக் காற்றும் போதாது, கன்வெர்ட்டர் லாக்கும் ஆகாது.

ஆயில் 80-லிருந்து 95 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் ஆயில் கெடும், ரப்பர் சீல்கள் இறுகும், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். 10 டிகிரி கூடினால் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. கருகல் வாசனை மூக்கில் ஏறும்போது கியர் பாக்ஸைக் கழற்றும் செலவும் கூடவே வந்திருக்கும். அதற்கு முன்னால் சொல்ல ஒரு சென்சார் வேண்டும்.

சென்சார் பெரிய வித்தை இல்லை. சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்னத் துண்டு. வெள்ளி சல்ஃபைடில் இந்தக் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்துவிட்டார். மீட்டரையும் சென்சாரையும் ஜோடியாக வாங்குவது முக்கியம். ஒன்றின் மீட்டருக்கு இன்னொன்றின் சென்சாரைப் போட்டால் முள் ஆடும், ஆனால் பொய் சொல்லும்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு வைக்கலாம். வேலை சுலபம். ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் முள் குதித்து டிரைவரைப் பதறவைக்கும். கூலரிலிருந்து திரும்பி வரும் குழாயில் வைத்தால் எப்போதும் நல்ல சேதிதான் வரும் :-) அது ஆறிய ஆயில்! ஒரே ஒரு மீட்டர்தான் என்றால் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்தான் சரியான இடம். மொத்த ஆயிலின் நிலை அங்கேதான் தெரியும்.

அதற்குச் சம்ப்பைக் கழற்றி, ஃபில்டரில் இடிக்காத இடமாகப் பார்த்துத் துளை போட்டு, மரை உள்ள ஒரு துண்டை வெல்டிங் வைக்க வேண்டும். சில வண்டிகளில் அதற்கென்றே மரை இருக்கும், கம்பெனிக் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. துளை போட்ட இரும்புத் தூள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் உடம்பேதான் எர்த். ஆயில் ஒழுகக் கூடாதென்று டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் எர்த் கெட்டு மீட்டர் தவறாகக் காட்டும்.

மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. சென்சாரின் உடம்புக்கு ஒரு எர்த் வயர் கொடுத்து, அதன் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்தால் முள் 100-ல் நிற்க வேண்டும். இந்த விஷயத்தில் புதுச்சேரிக்கு அதிர்ஷ்டம். கடல் மட்டத்தில் இருக்கும் ஊர், தண்ணீர் 100-ல்தான் கொதிக்கும். ஊட்டியில் அதே சோதனையைச் செய்தால் 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும், நல்ல மீட்டரைக் கெட்டது என்று தூக்கிப் போட வேண்டியதுதான்!

இன்னொன்று. ஆயில் ஒழுகித் தீர்ந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் தொங்கும், முள் கீழே இறங்கிவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் தீர்ந்து முள் இறங்குவதைப் பார்த்த பழைய டிரைவர்களுக்கு இது புதிதல்ல. சுமையோடு போகும்போது காரணமில்லாமல் முள் இறங்கினால் வண்டியை ஓரங்கட்டிக் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும்போது முள் 110-ஐத் தாண்டினால்? நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திப் பிடித்தால் போதும். பம்ப் வேகமாகச் சுற்றி ஆயிலைக் கூலருக்குத் தள்ளும், கொஞ்ச நேரத்தில் முள் இறங்கும். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.