மதிப்பெண் போடும் மாதம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வரத்து குறையும் மார்ச் மாதத்தில் எங்கள் கடையில் இன்னொரு வேலை வந்து சேரும். ஆளுக்கொரு தாள். வேகம், சுத்தம், வருகை, நடத்தை என்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மேலாளர் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் சம்பள உயர்வு. ஒரு வீட்டின் பள்ளிக் கட்டணமும் சீட்டுப் பணமும் அதில் அடங்கியிருப்பதால், அவசரமாக நிரப்ப எனக்கு மனம் வருவதில்லை.

காய் பொறுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 8 மில்லி, 7 மில்லி என்று பருமனைச் சல்லடை பிரித்துவிடும். மிச்சமெல்லாம் கைவேலை. வாய் வெடித்தது, வெளுத்தது, சுருங்கியது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் விரல் தனியே தள்ளும். பக்குவமாக உலர்த்திய சரக்கு என்றால் கை தானாக ஓடும். உலர்த்தும்போது சூடு முன்பின்னாகிப்போன சரக்கு என்றால் பாதி நேரம் கழிவு எடுப்பதிலேயே போய்விடும். சாயங்காலம் தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

எடை குறைந்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு அக்கா சொன்னார்: "எனக்கு வந்த மூட்டை பூராம் வாய் வெடிச்ச காய் சார். அதையும் இதையும் ஒண்ணா நிறுத்தா எப்படி?" லாட் பதிவேட்டைப் புரட்டினால் அவர் சொன்னது அப்படியே இருந்தது. யாருக்கு எந்த லாட் போனது என்பதைப் பார்க்காமல் வேகத்துக்கு மதிப்பெண் போடுவது அநியாயம். இங்கே ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் வியாபாரிகள் மாதிரியைப் பார்த்துத்தான் காய்க்கு விலை கேட்கிறார்கள். ஆளுக்கு மட்டும் பார்க்காமலே விலை வைக்கலாமா?

இன்னொன்று, எழுதியதை மறைப்பது. எல்லைச் சாலைப் பொறியாளர் தேவ் தத்துக்கு 1993-94 ரகசியக் குறிப்பில் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும். அப்படி எழுதியிருப்பதே அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை, உயர்வும் கைநழுவியது. அரசு ஊழியரைப் பற்றிய ஒவ்வொரு குறிப்பையும் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. குறையை மட்டுமல்ல, 'நன்று' என்பதையும்தான். தனியார் கடைக்கும் ஆலைக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தாமல் போகலாம். அதிலுள்ள நியாயம் பொருந்தும்.

ஆகஸ்டில் கண்ட குறையை மார்ச் வரை மனதில் வைத்திருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றைக்கே, நாலு பேர் முன்னால் இல்லாமல், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் மறுவாரமே கை திருந்திவிடுகிறது. நன்றாகச் செய்ததையும் அதேபோல அன்றே சொல்ல வேண்டும். அதைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம்.

ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலையோ, கம்பத்துத் திராட்சை பேக்கிங்கோ, எங்கே மேலாளராக இருந்தாலும் இந்த மார்ச்சில் இரண்டு காரியம் செய்யுங்கள். எண்ணைப் போடுமுன் அந்த ஆளுக்கு எந்த வேலை கொடுத்தோம் என்று பதிவேட்டைப் பாருங்கள். எழுதி முடித்ததும் அவரிடமே வாசித்துக் காட்டி, அவர் சொல்வதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.