அமுக்கு... பிடி... விடு!

மோட்டார் கார் வைத்திருக்கிறவன் சொல்லும் பொய்களில் முதன்மையானது, "வண்டியில் ஒரு கோளாறும் இல்லை" என்பதுதான். அந்தப் பொய்யை நான் பதினெட்டு நாள் விடாமல் சொன்னேன். பாரத யுத்தமும் பதினெட்டு நாள்தான் நடந்தது.

எங்கள் வண்டி என் தகப்பனார் ஓட்டி எனக்கு விட்டுப் போன சின்னக் கார். ராத்திரியில் வாசலில் நிற்கும். ஒரு நாள் காலை என் மனைவி கோலமாவுக் கிண்ணத்துடன் உள்ளே வந்தாள்.

"இதோ பாருங்கள், வண்டி எதையோ கொட்டியிருக்கிறது."

"ஏ.ஸி. தண்ணீர்" என்றேன், பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

"அது முன்பக்கமாக அல்லவா சொட்டும்? இது பின் சக்கரத்தடியில் இருக்கிறது. தொட்டால் விளக்கெண்ணெய் மாதிரி வழுக்குகிறது."

"அப்படியானால் எஞ்சின் ஆயில்."

"எஞ்சினும் முன்னால்தானே இருக்கிறது?"

நான் காலேஜில் படித்தது சரித்திரம்; அவள் படித்தது பௌதிகம். இந்த வித்தியாசத்தை நான் அன்றே மதித்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வண்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. ஹாண்ட் பிரேக் போட்டிருந்தால் எரியுமே, அதே விளக்கு. சரியாக விடவில்லை போலிருக்கிறது என்று அந்தக் கைப்பிடியை இழுத்து இழுத்து விட்டேன். பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தாலும் அந்த விளக்குத்தான் எரியும் என்பது பிற்பாடு தெரிந்தது. பானெட்டைத் திறந்தேன். வெள்ளைக் கிண்ணத்தில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. அலமாரியில் கிடந்த பழைய பாட்டிலை எடுத்து மேல்கோடு வரை ஊற்றினேன். விளக்கு அணைந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த வாரம் மறுபடியும் ஊற்றினேன்.

பதினெட்டாம் நாள் காலை குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் புறப்பட்டோம். தெருமுனையில் கீரைக்கூடைக்காரி ஒருத்தி குறுக்கே வந்தாள். பிரேக்கை அமுக்கினேன். எப்போதும் பாதி வழியில் காலை எதிர்த்து நிற்கும் பெடல், சேற்றில் கால் வைத்தாற்போல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஹாண்ட் பிரேக்கையும் இழுத்தேன். வண்டி நின்றபோது பம்பருக்கும் கூடைக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. சரிந்த கட்டுக்களை அடுக்கிக்கொண்டு, பின் ஸீட்டை எட்டிப் பார்த்தாள். "குழந்தையை வச்சுக்கிட்டுப் பார்த்து வரக்கூடாதா, ஐயா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

என் மனைவியும் ஒன்றும் பேசவில்லை. குழந்தையை இறக்கி, ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மெக்கானிக் பெரியவருக்கு டெலிபோன் செய்தேன். "ஓட்டிக்கிட்டு வராதீங்க சார், தள்ளி ஓரமா நிறுத்துங்க, நானே வரேன்" என்றார். வந்ததும் முதல் கேள்வி: "எத்தனை தரம் ஆயில் ஊத்தினீங்க?"

"இரண்டு தரம்."

"முதல் தரம் ஊத்தினது எங்கே போச்சுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பெட்ரோல் மாதிரி பிரேக் ஆயில் செலவாகிற வஸ்து அல்ல. பிரேக் கட்டைகள் தேயத் தேய மட்டம் சிறிது இறங்கும், அவ்வளவுதான். மளமளவென்று குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே அர்த்தம்.

பெரியவர் பெடலை அமுக்கி அப்படியே பிடித்தார். அது மெள்ள மெள்ளத் தாழ்ந்தது. வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் இப்படித் தாழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கோளாறு என்று சந்தேகிக்கலாமாம். எங்களுக்கு அந்தச் சந்தேகம் தேவைப்படவில்லை. இடது பின் டயரின் உள்பக்கம் பளபளவென்று நனைந்திருந்தது. டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நெம்பினார். உள்ளேயிருந்து ஆயில் வழிந்தது.

"இந்தச் சின்ன ரப்பர் கப்தான் சார் உங்க மூணு பேர் உயிரையும் பிடிச்சுக்கிட்டு இருந்தது" என்றார்.

இதற்குள் என் மனைவி திரும்பி வந்திருந்தாள். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் பாஸ்கல் கண்டு சொன்ன தத்துவத்தை அவள்தான் எனக்கு விளக்கினாள்: அடைத்து வைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். நான் அமுக்குவது நான்கு சக்கரங்களையும் எட்டுவது அப்படித்தான். நவீன கார்களில் குழாய் வழி இரண்டாகப் பிரிந்திருப்பதால், ஒன்று போனாலும் மற்றது பாதி பிரேக்காவது கொடுக்கும். அந்தப் பாதிதான் எங்களைக் காப்பாற்றியது.

சிலிண்டருக்குள் துரு அரித்திருந்ததால் முழுசாகப் புதியது போட்டார். ஆயிலில் ஊறிய பிரேக் ஷூக்களைத் துடைத்துப் போடக்கூடாதென்று இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றினார். என் பழைய பாட்டிலைத் தூர எறிந்தார். திறந்த பாட்டில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடுமாம். டாட் 3 தர ஆயில் புதிதில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்ஸியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் குடித்தபின் அந்த அளவு 140 டிகிரிதான். சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் வெறும் காற்றைத்தான் அமுக்கும்.

கடைசியில் குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், பையன் வரவில்லை. என் மனைவி டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தாள்.

"அமுக்குங்க அம்மா... பிடிங்க..." பெரியவர் சக்கரத்து நிப்பிளைத் திறப்பார், ட்யூப் வழியாகக் குமிழி குமிழியாய் வரும், மூடுவார். "இப்போ விடுங்க!" மூடுவதற்கு முன் விட்டால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். என் வேலை, கிண்ணம் வற்றாமல் புது ஆயில் ஊற்றுவது. பதினெட்டு நாளாகச் செய்த அதே வேலை! ஒரு சொட்டுப் பெயிண்ட் மேல் விழுந்தது. "தண்ணி விட்டு அலம்புங்க, பெயிண்ட் உரிஞ்சுடும்!" என்று இரண்டு பேரும் ஏக காலத்தில் என்னை அதட்டினார்கள்.

மறுநாள் காலை பெடல் கல் மாதிரி நின்றது. நான்கு சக்கரத்தடியிலும் போட்டு வைத்திருந்த அட்டைகள் உலர்ந்திருந்தன. இப்போது வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பார்ப்பது என் பொறுப்பு. அவள் தரையைப் பார்த்து ஏதாவது சொன்னால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறேன்.

கீரைக்காரியிடம் தினமும் ஒரு கட்டு வாங்குகிறேன். பேரம் பேசுவதில்லை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை.