காட்பாடியில் இறங்கி, அகழிக்கரை வரைக்கும்

"அவ நர்சிங்கை விட்டுட்டு வர்றாளா இல்லையான்னு மட்டும் பார்த்துட்டு வா." இது பெரியம்மா கொடுத்த அசைன்மென்ட். ரயில் காசும் ஒரு டப்பா அதிரசமும் கையில. அக்கா ஒரு வாரமா போனே எடுக்கலையாம். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுத்தற பார்ட்டி. என்னைப் போய் அனுப்பினாங்க பாருங்க!

காட்பாடியில இறங்கினதும் வரவேற்கிறது வெயில்தான். "சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு"னு வேலூருக்கு ஒரு சொலவடை உண்டு. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல சாமி திரும்பி வந்துட்டார். ராஜா இன்னும் வரலை. பாலாத்துல நான் பார்த்தது மணல்தான்.

சி.எம்.சி. பக்கம் போனா, இது தமிழ்நாடுதானான்னு சந்தேகம் வந்துடும். லாட்ஜ் போர்டெல்லாம் பெங்காலி. மெஸ்ல கடுகெண்ணெய் வாசனை. கொல்கத்தா, வங்கதேசம்னு எங்கிருந்தோ வந்தவங்க, ஸ்கேன் கவரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடக்கிறாங்க.

இத்தனைக்கும் ஆரம்பம் ஒரே ராத்திரி. திண்டிவனத்துல பெற்றோரோட இருந்த அமெரிக்கப் பொண்ணு ஐடா ஸ்கடர்கிட்ட, மனைவியோட பிரசவத்துக்கு உதவி கேட்டு மூணு பேர் தனித்தனியா வந்தாங்க. "அப்பா டாக்டர், வருவார்"னு சொன்னா, ஆம்பளை டாக்டர் வேண்டாம்னுட்டாங்க. விடியறதுக்குள்ள மூணு பொண்ணுங்களும் போயிட்டாங்க. ஐடா டாக்டருக்குப் படிச்சுட்டு வந்து, 1900-ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சாங்க. நர்சிங் ஸ்கூல் 1909-ல. மெடிக்கல் ஸ்கூல் 1918-லதான். நர்ஸ் முதல்ல, டாக்டர் அப்புறம்!

அக்கா படிக்கிறது ஜி.என்.எம். ரெண்டாவது வருஷம். "எங்க காலேஜ் பேரைப் போட்டே, கொன்னுடுவேன்"னு மிரட்டினதால போடலை. ஹாஸ்டலுக்குள்ள பசங்களுக்கு நோ என்ட்ரி. கோட்டை அகழிக்கரையில உட்கார்ந்தோம். வந்ததும் என் மணிக்கட்டைப் பிடிச்சு, வாட்ச்சைப் பார்த்து முழுசா ஒரு நிமிஷம் எண்ணினா. "தொண்ணூத்தாறு. தண்ணி குடிடா."

அதிரசத்தைப் பிட்டுக்கிட்டே தானா சொன்னா. அவ வார்டுல ஒரு பெங்காலிப் பாட்டி. மூணு வாரம் அக்காதான் ஊட்டி விட்டிருக்கா. போன வாரம் நைட் டூட்டியில பாட்டி இறந்துட்டாங்க. உடம்பைத் துடைச்சு, துணி மாத்தி அனுப்பணும். அக்காவுக்கு அதுதான் முதல் தடவை.

"கை நடுங்கிச்சுடா. பாட்டி உயிரோட இருக்கிறப்ப எப்படிப் பேசுவியோ, அப்படியே பேசிக்கிட்டே துடைன்னாங்க சீனியர் சிஸ்டர். எனக்குத் தெரிஞ்ச பெங்காலியே நாலு வார்த்தைதான். 'கொத்தாய் ப்யதா? ஜொல் காபேன்?' எங்க வலிக்குது, தண்ணி குடிக்கிறீங்களா... அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. தண்ணி பாட்டிலை நீட்டினேன்.

சாயங்காலம் பெரியம்மா போன். "என்னடா, வர்றாளா?"

பக்கத்துல அக்கா, நோட்டுல ஒரு பெங்காலிக் கடைக்காரர்கிட்ட கேட்டு அஞ்சாவது வார்த்தையை எழுதிக்கிட்டிருந்தா.

"நாளைக்கு அவளுக்கு மார்னிங் டூட்டியாம் பெரியம்மா."